நிபந்தனைகளுக்குட்பட்ட கீழ்ப்படிதல்

திருமண்டலப் பெருமன்றத்தின் மேலான பரிசீலனைக்கு அடியேன் தாழ்மையுடன் ஒரு திருத்தத்தை முன்மொழிகிறேன். திருமண்டலச் சட்ட விதிகளில் அல்ல. அவற்றைத் தேவைப்படும்போதெல்லாம் நீங்களே வளைத்துக்கொள்கிறீர்கள். இது வேதத்தில்.

அப்போஸ்தலர் நடபடிகள், 5ஆம் அதிகாரம், 29ஆம் வசனம். எருசலேமில் ஆலோசனைச் சங்கத்தின் முன் குற்றவாளிகளாக நின்ற பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் பிரதான ஆசாரியனுக்கு முகத்துக்கு நேரே சொன்ன பதில். மனுஷன் ஒன்று சொல்லி தேவன் வேறொன்று சொன்னால், நாங்கள் தேவன் பக்கம் என்பது அதன் சாரம். கன்வென்ஷன் மேடையில் இதை எடுத்துவிட்டால் அல்லேலூயாவுக்குப் பஞ்சம் இருக்காது.

ஆனால் இந்த வசனத்தில் ஒரு பெரிய குறை உண்டு. விதிவிலக்கே இல்லை. பேதுரு படிக்காத மீனவர்; சேகரக் கமிட்டி அனுபவம் கிடையாது. சொந்தபந்தத்தைக் கலந்துகொள்ளவில்லை. காணிக்கை கொடுக்கும் பெரியவர்களின் மனம் என்ன பாடுபடும் என்று யோசிக்கவில்லை. பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டார். அதற்கு அடியும் வாங்கினார் என்று அதே அதிகாரம் சொல்கிறது. நமக்கு அந்தக் கதி வரக் கூடாது. ஆகவே அடுத்த பதிப்பில் வசனத்தின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கீழ்க்கண்ட உட்பிரிவுகளை அச்சிடக் கேட்டுக்கொள்கிறேன். இவற்றில் எதுவும் என் கற்பனை இல்லை. காலங்காலமாக நடப்பதை எழுத்தில் கொண்டுவருகிறேன், அவ்வளவே.

உட்பிரிவு 1: இந்த வசனம் கல்யாணப் பேச்சுக்குப் பொருந்தாது.

ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மணமக்கள் தேவைப் பக்கத்தை விரித்து, கிறிஸ்தவர் வரிசையைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்டவர் வேண்டும், அபிஷேகம் பெற்றவர் வேண்டும், ஊழிய பாரம் உள்ளவர் வேண்டும். மூச்சு விடாமல் அதே வரியில் சாதியின் பெயரும் அதன் உட்பிரிவும் வேண்டும். மறுபடியும் பிறந்திருக்க வேண்டும். ஆனால் முதல் தடவையும் நம்ம இடத்தில்தான் பிறந்திருக்க வேண்டும். நிக்கொதேமு ராத்திரியில் இயேசுவைத் தேடி வந்தபோது, தாயின் வயிற்றில் மறுபடி நுழைவது எப்படி என்றுதான் கேட்டார். நாம் அவரைவிட நுணுக்கமானவர்கள். நுழைவது எந்தத் தாயின் வயிறு என்று கேட்கிறோம்.

பாடகர் குழுவில் ஒரு பெண். வாலிபர் கூட்டத்தில் ஒரு பையன். இருவரும் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுகிறவர்கள். தெரு மட்டும் வேறு. கிறிஸ்துவுக்குள் யூதனும் இல்லை, கிரேக்கனும் இல்லை என்று பீடத்திலிருந்து வருஷம் முழுக்கச் சொன்னதை அந்தப் பெண் நம்பிவிட்டாள். அவள் செய்த ஒரே குற்றம் பிரசங்கத்தைக் காதில் வாங்கியது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. உபவாச ஜெபம் ஏறெடுக்கப்படுகிறது. இது கர்த்தருடைய சித்தம் அல்ல என்று மூன்றாம் நாள் வெளிப்பாடு கிடைக்கிறது. கர்த்தருடைய சித்தம் பெரியப்பாவின் சித்தத்தோடு எப்போதும் எவ்வளவு அழகாக ஒத்துப்போகிறது! பிறகு சபை ஐயருக்கு ஆள் போகிறது.

“ஐயரவங்களே, நீங்கதான் அவகிட்ட ரெண்டு வார்த்தை எடுத்துச் சொல்லணும்.”

“பையன் நல்ல பையன், அண்ணாச்சி. நம்ம சபைப் பிள்ளைதானே?”

“நம்ம சபைதான் ஐயா. நம்ம ஆளு இல்லையே.”

இதற்கு மேல் அந்த ஐயர் துணிந்து அவர்களுக்குக் கல்யாண ஓலை வாசித்தால், அடுத்த மாற்றல் பட்டியலில் அவர் பேருக்கு நேரே பேருந்து போகாத ஒரு சேகரம் எழுதியிருக்கும். அவருக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது. வாசிக்க மாட்டார். இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவார்கள். கிறிஸ்துவின் சரீரத்தில் இரண்டு அவயவங்களை இணைக்கச் சபையால் முடியாதபோது, அரசாங்க குமாஸ்தா ஒரு ரப்பர் ஸ்டாம்பால் இணைத்துவைப்பார்.

உட்பிரிவு 2: பந்திக்கும் பாத்திரத்துக்கும் பொருந்தாது.

இதற்கு நம் முன்னோர் முன்னுதாரணங்களை வாரி வழங்கியிருக்கிறார்கள். தரங்கம்பாடி மிஷனில் ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபைக்கு நம் மண்ணிலிருந்து வந்த முதல் குரு அவர். வேளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் ராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். முன்னாள் படைவீரர், பறையர் குலத்தில் பிறந்தவர். மன்னர் ஆட்சியின் கெடுபிடிக்கு நடுவில் சபை சபையாகக் கட்டியவர். 1741இல் இன்னொரு குரு தேவைப்பட்டபோது பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் சாகும்வரை உபதேசியார்தான். வேதம் தெரியாதவரா? ஒழுக்கத்தில் குறையா? இல்லை. அவர் கையால் மற்ற சாதியார் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனெரிகள் பயந்தார்கள். கிறிஸ்து தம் சரீரத்தை யார் கையால் கொடுக்கலாம் என்பதையும் ஊர்தான் முடிவு செய்தது.

நூறு வருஷம் கழித்து ஒருவர் கொஞ்சம் கடுமையாக நடந்துகொண்டார். கல்கத்தா பேராயர் டானியேல் வில்சன். சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது, தவணை கிடையாது, இன்றே விட வேண்டும் என்று 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் நம் ஆட்கள் கீழ்ப்படிந்தார்கள். ஆமாம், இரண்டில் ஒன்றை விடச் சொன்னார் அல்லவா? விட்டார்கள். சாதியை வைத்துக்கொண்டு சபையை விட்டார்கள். கூட்டம் கூட்டமாக வெளியே போனார்கள். பின்னால் வந்த லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் கொஞ்சம் இளக்கம் காட்டியதும் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மிஷனை மாற்றலாம், ஞானப்பாட்டை மாற்றலாம், ஜெபப் புத்தகத்தை மாற்றலாம். மாற்ற முடியாதது ஒன்றே ஒன்று. அது வேதத்தில் இல்லாதது.

உட்பிரிவு 3: சுவர்களுக்குப் பொருந்தாது.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழும்பியபோது கொத்தனாருக்கு ஒரு சிக்கல். வேளாளரும் நாடாரும் ஒரே பூசை காண வேண்டும், ஆனால் ஒருவரை ஒருவர் காணக் கூடாது. சிலுவை வடிவில் கட்டுவதுதான் உலக வழக்கம். இங்கே சிலுவை கட்டுப்படியாகவில்லை. கால்சட்டை மாதிரி கட்டினார்கள். இரண்டு கால்களாக இரண்டு மண்டபம், சேருமிடத்தில் பீடம், நடுவில் தடுப்பு. கட்டடக் கலையில் இது நம் சபையின் சொந்தக் கண்டுபிடிப்பு. தேவன் ஒருவரே, அவரை இரண்டு பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

1910இல் கவுசானெல் என்ற யேசு சபைக் குருவின் காலத்தில் அந்தத் தடுப்பை எடுத்தார்கள். ஊர் சும்மா இருக்குமா? கோயிலுக்குள் சாதிப்படி தனி இடம் எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை ஏறித் தோற்றது. மலைப்பிரசங்கத்தால் புரியவைக்க முடியாததை ஆங்கிலேயனின் கோர்ட்டு தீர்ப்பெழுதிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

உயிரோடு இருப்பவர்களையாவது விடுங்கள். கோபம், மானம், ரோஷம் இருக்கும். செத்தவனுக்கு என்ன? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. புழுவுக்குச் சாதி தெரியாது என்பதால் நாமே அதற்கு எல்லை காட்டினோம் போலிருக்கிறது. எக்காளம் தொனிக்கும்போது எழுந்திருக்கிறவர்கள் தப்பித் தவறி ஒருவர்மேல் ஒருவர் பட்டுவிடக் கூடாதே! 2010இல் அந்தச் சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள். யார்? ஆயரா, குருக்களா, அன்பியங்களா, மரியாயின் சேனையா? இல்லை, பெரியாரின் தொண்டர்கள். கடவுள் இல்லை என்று தெருத்தெருவாகச் சொல்கிறவர்கள் வந்து, இருக்கிற கடவுளின் கட்டளையை நிறைவேற்றிவிட்டுப் போனார்கள். கடவுள் உண்டென்று சொல்லிய நாம் சுவருக்குக் காவல் நின்றோம். நியாயத்தீர்ப்பு நாளில் எந்த வரிசை நீளமாக இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

விழுப்புரம் பக்கத்து எறையூரில், அவமானம் போதும், எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகித் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. இரண்டு பேர் செத்தார்கள். அடித்தவரும் அடிபட்டவரும் செத்தவரும் கிறிஸ்தவர்கள். அது தவக்காலம்.

உட்பிரிவு 4: உபயதாரருக்குப் பொருந்தாது.

வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்றார் ஆண்டவர். நம் கோயில்களில் இடது கைக்கு மட்டுமல்ல, எதிர்வீட்டுக்காரனுக்கும் தெரியும்படி கிரானைட்டில் வெட்டுகிறோம். மின்விசிறி இறக்கையில் பேர், பெஞ்சின் முதுகில் பேர், கோபுரத்துக்கு அடியில் பேர். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுக்கிறவர் பூசணிக்காய்க்காக எடுப்பதில்லை. மைக்கில் பேர் மூன்று தரம் வரும். அந்தப் பணம் வட்டிக்கடையிலிருந்து வந்ததா, அளவு குறைத்த எடைக்கல்லிலிருந்து வந்ததா என்று எந்த ஐயரும் கேட்பதில்லை. கேட்டால் கோபுரம் பாதியில் நிற்கும். விதவை போட்ட இரண்டு காசைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்துவிட்டு, முன்வரிசைக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போகலாம்.

உட்பிரிவு 5: தேர்தல் காலத்துக்குப் பொருந்தாது.

இதை விரிக்க வேண்டியதில்லை. ஆவியின் கனிகள் அப்போது ஓய்வில் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. விசுவாசி விசுவாசியின்மேல் அவிசுவாசியிடம் வழக்குக்குப் போகிறானே என்று கொரிந்து சபையைப் பார்த்துப் பவுல் வெட்கப்பட்டார். நம் சபைகளின் நிர்வாகத்தை நடத்த உயர் நீதிமன்றமே ஓய்வுபெற்ற நீதிபதிகளை அனுப்பிவைக்கும் அளவுக்கு நாம் வளர்ந்துவிட்டோம். ஒரு வசதி சொல்லலாம்: நீதிபதிக்கு ஓட்டு வேண்டாம்.

உட்பிரிவு 6, மிக முக்கியமானது: மேற்கண்டவை போக மீதி எல்லா இடத்துக்கும் இந்த வசனம் முழு வேகத்தோடு பொருந்தும்.

மீதி என்ன இருக்கிறது? நிறைய. ஜெர்மனி இருக்கிறது. ஹிட்லருக்கு அடிபணிந்த சபையை எதிர்த்து நின்று, 1945 ஏப்ரலில் தூக்கில் தொங்கிய போன்ஹோஃபரைப் பற்றி நாம் கண்கலங்கப் பேசலாம். 1521இல் வொர்ம்ஸ் நகரத்தில் பேரரசன் முன்னால் பின்வாங்காமல் நின்ற லூத்தரைச் சீர்திருத்த ஞாயிறுதோறும் நிறுத்தலாம். தூரத்துத் தியாகி மிக நல்ல தியாகி. நம் சேகரத்தில் வந்து எதையும் கேட்க மாட்டார். லூத்தர் கதவில் ஆணியடித்ததைக் கொண்டாடும் அதே சபையில், ஒரு வாலிபன் கணக்கு கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டட்டும். சாயங்காலத்துக்குள் அவன் சபை ஒழுங்கை மீறியவன்.

மீதியில் அரசாங்கமும் இருக்கிறது. ஆகஸ்ட் 10ஆம் தேதி கறுப்பு நாள். 1950இல் அந்தத் தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. பின்னால் 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிமும் இன்றும் வெளியே. அநியாயம்தான்; கேட்க வேண்டியதுதான். ஆனால் கேட்பது எப்படி என்று பாருங்கள். மதம் மாறினாலும் சாதி போகவில்லை, சபைக்குள்ளும் இவர்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று டெல்லியில் சாட்சி சொல்கிறோம். ஊருக்குத் திரும்பியதும், எங்கள் சபையில் அதெல்லாம் கிடையாது, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று சாட்சி சொல்கிறோம். சாட்சி ஒருவரே, சாட்சியம் இரண்டு. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளைக்கும் ஒரு நட்சத்திரக் குறி தேவைப்படும். அதைத் தனியாக முன்மொழிகிறேன்.

“அதெல்லாம் அந்தக் காலம், இப்போ யார் சாதி பார்க்கிறாங்க?” என்று ஒரு பெரியவர் எழுந்திருப்பார். எப்போதும் எழுந்திருப்பார். 2003இல் தமிழ்நாட்டு ஆயர்களை நேரில் வைத்துக்கொண்டு, சாதிப் பிரிவினையைச் சபையில் விடாதீர்கள் என்று பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் சொன்னது எந்தக் காலம்? 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, ஆம், எங்களுக்குள் தீண்டாமை இருக்கிறது என்று தன் கைப்பட ஒப்புக்கொண்டு தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது எந்தக் காலம்? சீர்திருத்தச் சபையார் சிரிக்க வேண்டாம். அவர்கள் எழுதியாவது வைத்தார்கள். உங்கள் சேகரத்தில் செயலர், பொருளர், பெருமன்ற உறுப்பினர் பேர்களை வரிசையாக எழுதுங்கள். அடுத்த வரியில் கோயிலைப் பெருக்குகிறவர், குழிவெட்டுகிறவர் பேர்களை எழுதுங்கள். அப்புறம் சொல்லுங்கள், யார் பார்க்கிறார்கள் என்று.

போதும். திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதை நிறைவேற்ற உங்களுக்கு மன்றமும் தேவையில்லை, அச்சகமும் தேவையில்லை. எழுதாமலே நடத்துகிறீர்கள். எழுதிவைத்தால் அது சட்டம். எழுதாமல் நடத்தினால் அது குடும்ப கௌரவம்.

கோபத்தோடு ஒன்று கேட்கிறேன். மனுஷருக்குப் பிரியமாயிருப்பது என்றால் நீங்கள் யாரை நினைக்கிறீர்கள்? ஏரோதையும் நீரோவையும் ஹிட்லரையுமா? அவர்களுக்குப் பிரியமாயிருக்க எந்த விசுவாசிக்கு ஆசை? எதிரி முகம் சுளித்தால் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. நம்மை வளைப்பது அவர்கள் இல்லை. மாமா வளைக்கிறார். சம்பந்தி வளைக்கிறார். கமிட்டியில் பக்கத்து நாற்காலிக்காரர், கல்யாணப் பந்தியில் எதிரே உட்காருகிறவர், துக்க வீட்டுக்கு வராமல் போய்விடுவாரோ என்று நாம் நடுங்கும் அந்த நாலு பேர் வளைக்கிறார்கள். மனுஷர் என்றால் அந்த நாலு பேர். அவர்களுக்காகவே நாம் ஆண்டவரை ஞாயிற்றுக்கிழமைக்குள் அடைத்துவைத்திருக்கிறோம்.

பேதுருவுக்கே இந்த வியாதி இருந்தது. பிரசங்கிகள் மெல்ல விழுங்கிவிடும் பகுதி அது: கலாத்தியருக்கு எழுதின நிருபம், 2ஆம் அதிகாரம். ஆலோசனைச் சங்கத்தின் முன் அடிக்கு அஞ்சாமல் நின்ற அதே மனிதர் அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து ஊர்க்காரர்கள் சிலர் வந்தார்கள். கையில் சாட்டை இல்லை, விலங்கு இல்லை. வந்தார்கள், அவ்வளவுதான். பேதுரு மெதுவாக எழுந்து தள்ளிப் போய்விட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும், பர்னபாவும்கூட. சிறைக்குப் பயப்படாதவர் சொந்தக்காரன் என்ன நினைப்பானோ என்று பயந்தார். அதுவும் எங்கே? பந்தியில்! யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில்! தமிழ்நாட்டுச் சபையைப் பற்றி முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே ஒரு பவுல் இருந்தார். தனியாக அழைத்து, காபி கொடுத்து, சபையின் சமாதானம் முக்கியம் சகோதரரே என்று பேசவில்லை. எல்லார் முன்னிலையிலும், மூத்த அப்போஸ்தலன் என்றும் பாராமல், இது மாய்மாலம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நம்மிடம் அந்தச் சமாதான வசனம் மட்டும் இருக்கிறது. அடிக்கிறவனிடம் யாரும் சமாதானம் பேசுவதில்லை; அடிபட்டவன் வாய் திறந்தால்தான் சபையின் சமாதானம் கெடுகிறது.

தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்குவும் அப்படி வாயைத் திறந்தவர்தான். ஒரு ஏழை விதவையின் கடன் வழக்கில் தலையிட்டதற்காக 1708இல் டேனிஷ் தளபதி அவரைக் கோட்டையில் அடைத்தான். நாலு மாதச் சிறை. அடைத்தவனும் கிறிஸ்தவன்தான். ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கு கரையிறங்கிய நாளை நாம் மாலை போட்டுக் கொண்டாடுகிறோம். அச்சுக்கூடம் கொண்டுவந்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்தார், சரி. அந்த விதவையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? பேசினால், நம் சேகரத்து விதவைகளின் நிலப்பத்திரம் யார் பீரோவில் இருக்கிறது என்ற பேச்சு வந்துவிடும்.

எறையூரில் கிறிஸ்தவனும் கிறிஸ்தவனும் மோதிக்கொண்ட அதே 2008இல், ஆகஸ்ட் மாதம் ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்டார்கள். கிறிஸ்துவை மறுதலி என்றார்கள். மறுதலிக்க மாட்டேன் என்றவர்களை வெட்டினார்கள், எரித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் ஓடினார்கள். பெரும்பாலும் தலித்துகள், ஆதிவாசிகள். பேதுரு சொன்ன அந்தப் பதிலை எந்த நட்சத்திரக் குறியும் இல்லாமல், கழுத்தில் கத்தி இருக்கும்போது சொன்னவர்கள் அவர்கள். நாம் இங்கே மெழுகுவர்த்தி ஊர்வலம் போனோம், விசேஷ காணிக்கை எடுத்தோம், இரத்தசாட்சிகள் என்று போற்றினோம். அந்த இரத்தசாட்சிகளில் ஒருவரின் உடல் நம் ஊருக்கு வந்திருந்தால், சுவருக்கு எந்தப் பக்கம் புதைத்திருப்போம்?

அவர் மகன் உயிர்தப்பி வந்து நம் சபையில் சேர்ந்து, நம் வீட்டுப் பெண்ணைக் கேட்டிருந்தால்?

பதில் தெரியும். அதனால்தான் கோபம்.

செய்ய முடியாத எதையும் யாரும் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருந்தால் இடிக்க வேண்டும். ஒரு கடப்பாரை போதும்; நாத்திகர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு பிள்ளைகள் ஓலை வாசிக்கச் சொல்லி வந்தால் ஐயர் வாசிக்க வேண்டும். வாசித்ததற்காக அவரைத் தூக்கியடித்தால் சபையார் நாலு பேராவது அவரோடு நிற்க வேண்டும். மணமகள் தேவை விளம்பரத்தில் ஒரு வார்த்தையை அடிக்க வேண்டும். செலவும் கொஞ்சம் மிச்சமாகும். எதற்கும் பேராயரின் கையெழுத்து வேண்டாம், வெளிநாட்டு நிதி வேண்டாம், எழுப்புதல் கூட்டம் வேண்டாம். ஆனால் விலை உண்டு. சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்துவார்கள். மகனுக்கு வரன் வருவது நின்றுபோகும். அடுத்த தேர்தலில் கமிட்டிப் பட்டியலில் பேர் இருக்காது. சாவுக்குக் கூட்டம் குறையும். பேதுருவுக்கு முதுகில் விழுந்ததோடு ஒப்பிட்டால் மலிவு.

அந்த விலையும் கட்டாது என்றால் ஒரு நேர்மையாவது காட்டுங்கள். அந்த வசனத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். அதுகள் நம்பிவிடுகின்றன.